ரத்தம் கேட்டு வாசலில் நிற்கிறவர்களை நம்பலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். அம்மா தாம்பரம் பக்கம் இருக்கிறார், வயது 61. நீங்கள் பெங்களூரில். போன வாரம் கழுத்தில் ஐடி கார்டு மாட்டிய இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, சுகர், பிரஷர், இதயநோய் பற்றிய ஆய்வு என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்களின் பெயர், வயதெல்லாம் எழுதிக்கொண்டு கடைசியில் "அம்மாதான் செலக்ட் ஆகியிருக்காங்க" என்றார்களாம். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க ஒரு நாள் காலையில் வருவோம், பிறகு வருடத்துக்கு ஒரு தடவை வருவோம், ரத்தத்தில் கொஞ்சம் பல வருடம் ஃப்ரீசரில் இருக்கும் என்று சொல்லி ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்பாவுக்குத்தான் பத்து வருடமாகச் சுகர். அவரை விட்டுவிட்டு ஒரு வியாதியும் இல்லாத அம்மாவை எதற்குக் கேட்கிறார்கள், இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்பது உங்கள் சந்தேகம்.

பதினோரு வருடம் அந்த மாதிரி ஐடி கார்டை மாட்டிக்கொண்டு அலைந்தவன் நான். முதலில் வடசென்னை, பிறகு திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்கள். இப்போது அந்த வேலையில் இல்லை. ஆகவே யாருக்கும் ஆள் பிடித்துக் கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

வந்தவர்கள் அசலா என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். அதைப் பிறகு சொல்கிறேன். அசல்தான் என்றால், அம்மா சேரலாமா வேண்டாமா என்பதை ரத்தம் கொடுப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் அதே ஆட்கள் வந்து நின்றால் கதவைத் திறப்பாரா, அதை வைத்து முடிவு செய்யுங்கள். பத்து மில்லி ரத்தம் இரண்டு டீஸ்பூன். அது ஒரு விஷயமே இல்லை.

முதலில், ஏன் அம்மா? "எனக்குத்தான் ஒண்ணுமில்லையே, ஆஸ்பத்திரில போய் நோயாளிங்களைப் பாருங்க" என்று ஒரு நாளைக்கு நாலு வீட்டிலாவது கேட்பேன். நியாயமான கேள்விதான். ஆனால் ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு வியாதி ஏற்கெனவே வந்துவிட்டது. அது வருவதற்கு முன்னால் அவர் என்ன சாப்பிட்டார், எவ்வளவு பிரஷர் இருந்தது, எப்படித் தூங்கினார் என்று அவரிடமே கேட்டால் ஞாபகத்திலிருந்து ஏதாவது சொல்வார். ஹார்ட் அட்டாக் வந்த மனிதர் யாரும் அதற்கு முந்தைய பத்து வருடத்தைச் சரியாகச் சொல்லி நான் பார்த்ததில்லை. "அன்னைக்குக் கறிக்குழம்பு சாப்பிட்டேன் சார், அதுதான்" என்பார்கள். அதனால்தான் நன்றாக இருக்கும் ஆட்களை முதலில் பிடித்து, எல்லாவற்றையும் அளந்து எழுதி வைத்துவிட்டு, வருடக்கணக்கில் பின்னாலேயே போவது.

இந்த வழியைப் பெரிய அளவில் செய்து காட்டிய ஊர் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்திலுள்ள ஃபிராமிங்ஹாம். 1948-ல் அங்கே 30 முதல் 62 வயது வரையுள்ள 5,209 பேரைச் சேர்த்தார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுப் பரிசோதித்தார்கள். பிரஷரும் கொலஸ்ட்ராலும் சிகரெட்டும் மாரடைப்பைக் கொண்டுவருகிறது என்று இன்றைக்கு டீக்கடையில்கூடச் சொல்கிறோமே, அதெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் திரும்பத் திரும்ப வந்து கையை நீட்டியதால் தெரிந்தது. 1971-ல் அவர்களுடைய பிள்ளைகளைச் சேர்த்தார்கள், 2002-ல் பேரப்பிள்ளைகளை. வயதான ஆட்களுக்கு ரத்த அழுத்தம் ஏறுவது இயற்கை, விட்டுவிடலாம் என்று டாக்டர்களே நம்பிய காலத்தில் ஆரம்பித்த வேலை அது.

அப்பாவை விட்டுவிட்டு அம்மாவை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் உள்ள பெரியவர்களைப் பட்டியல் போட்டு, அதில் ஒருவரை மட்டும் ஓர் அட்டவணையை வைத்துத் தேர்ந்தெடுப்பது பல ஆய்வுகளில் வழக்கம். கிட்டத்தட்ட குலுக்கல் சீட்டு மாதிரி. யார் வர வேண்டும் என்பது வந்தவர் கையிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. இதை வீட்டுக்காரர்களுக்குப் புரியவைப்பதற்குள் தொண்டை வறண்டுவிடும். வியாசர்பாடியில் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், தன் மருமகள் பெயர் விழுந்ததைக் கேட்டதும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார். "அவளுக்கு என்ன தெரியும், என்னைப் பாருங்க, எனக்கு எல்லா வியாதியும் இருக்கு." அவருக்கு பிரஷர் பார்த்துச் சொன்னேன். எண்ணைப் படிவத்தில் எழுதவில்லை என்று கவனித்துவிட்டு ரொம்ப நாள் என்மேல் வருத்தமாக இருந்தார்.

அவரை எழுதிக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். குறையும். விருப்பப்பட்டு வருகிறவர்களையே சேர்த்தால் கணக்கு எங்கே சாயும் என்பதற்கு நல்ல உதாரணம் பிரிட்டனில் இருக்கிறது. யூகே பயோபேங்க் என்ற ஆய்வுக்காக 2006 முதல் 2010 வரை, 40 முதல் 69 வயது வரை உள்ள 90 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அழைப்புக் கடிதம் போனது. வந்தவர்கள் நூற்றுக்கு ஐந்தரைப் பேர். அதுவே ஐந்து லட்சம். பிறகு பார்த்தால், எழுபதைத் தாண்டிய வயதில் அந்த ஐந்து லட்சம் பேரிடையே சாவு விகிதம் அதே வயது பொதுமக்களில் ஏறக்குறைய பாதிதான் இருந்தது. மாயம் ஒன்றும் இல்லை. கடிதத்தைப் பார்த்ததும் கிளம்பி வருகிறவர்கள் பொதுவாகவே குறைவாகப் புகைப்பவர்கள், கொஞ்சம் வசதியானவர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்கள். அந்த ஆய்வால் பயன் இல்லை என்று சொல்ல வரவில்லை. எது எதனால் வருகிறது என்று கண்டுபிடிக்க அது தங்கச் சுரங்கம். ஆனால் நாட்டில் எத்தனை பேருக்குச் சுகர் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் வந்தது குலுக்கல் முறையில்தான். ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் இன்டியாப் என்ற ஆய்வு 2008-ல் தொடங்கி 2020 வரை மாநிலம் மாநிலமாகப் போனது. தமிழ்நாடு முதல் கட்டத்திலேயே வந்துவிட்டது. மொத்தம் 1,13,043 பேர், இருபது வயதுக்கு மேற்பட்டவர்கள். 2023-ல் முடிவு வெளியானது: பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், அதாவது சுமார் 10.1 கோடிப் பேர். இன்னும் 15.3 சதவீதம் பேர் சர்க்கரை நோயின் வாசலில். "இந்தியாவில் பத்துக் கோடி சுகர் பேஷண்ட்" என்று பேப்பரில் படிக்கிறோமே, அந்த எண் இப்படி ஏதோ ஒரு தெருவில் பெயர் விழுந்த அம்மாக்களும் அண்ணன்களும் காலையில் காபி குடிக்காமல் காத்திருந்ததால் வந்தது. இன்னொன்று, வாசலில் நிற்கும் அந்த 15.3 சதவீதத்தில் பெரும்பாலானவர்கள் உங்கள் அம்மா மாதிரிதான், "எனக்கு ஒரு வியாதியும் இல்லை" என்று சொல்கிறவர்கள்.

காபி என்றதும் ஞாபகம் வருகிறது. என் வேலையில் பாதி காபியோடு மல்லுக்கட்டுவதுதான். காலை ஆறரைக்கு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவோம். "ஒண்ணும் சாப்பிடலையேம்மா?" "இல்லப்பா, ஒண்ணுமே இல்ல." கையில் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சமையலறையிலிருந்து பேத்தி சொல்லும்: "பாட்டி காபி குடிச்சாங்க." "அது காபிதானேப்பா, சாப்பாடா?" அவ்வளவுதான், பட்டையைக் கழற்றிவிட்டு அடுத்த வீடு. ஏற்கெனவே சுகர் என்று தெரியாதவர்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்ததும் எண்பத்திரண்டரை கிராம் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் கொடுப்பார்கள். அதைக் குடித்து இரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், பிறகு இன்னொரு தடவை ரத்தம். திகட்டும், சிலருக்குக் குமட்டும். முதல் நாளே இதைச் சொல்லாமல் வந்து நின்ற குழு என்றால் அவர்கள்மேல் கோபப்படுவதற்கு அம்மாவுக்கு முழு உரிமை உண்டு.

சரி, வருடா வருடம் வருவதற்கு வருகிறேன். இன்டியாப் போன்றது பெரும்பாலும் ஒரு தடவை எடுக்கும் படம். உங்கள் அம்மாவிடம் கேட்டிருப்பது ஃபாலோ-அப் உள்ள ஆய்வு. சென்னையில் இது புதிதில்லை. சென்னை, டெல்லி, கராச்சி மூன்று நகரங்களிலும் சேர்த்து 16,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்த கார்ஸ் என்ற ஆய்வு 2010 வாக்கில் தொடங்கியது. இந்த மாதிரி ஆய்வில் முதல் வருடம் எல்லோரும் இருப்பார்கள். மூன்றாவது வருடம்தான் வயிற்றைக் கலக்கும். வாடகை வீட்டை மாற்றியிருப்பார்கள், சிம்மை மாற்றியிருப்பார்கள், மகள் பிரசவத்துக்கு ஊருக்குப் போனவர் அங்கேயே தங்கியிருப்பார். காணாமல் போகிறவர்கள் எல்லோரையும் போன்றவர்களாக இருந்தால் பரவாயில்லை. அப்படி இருக்க மாட்டார்கள். உடம்பு முடியாமல் போனவர், வேலை போனவர், கடன் வாங்கி ஊரை விட்டுப் போனவர்தான் அதிகம் காணாமல் போவார். மிச்சம் இருக்கிறவர்களை மட்டும் எண்ணினால் ஊரே ஆரோக்கியமாக இருப்பதுபோல் கணக்கு வரும். ஒரு ஹவுசிங் போர்டு பிளாக்கிலிருந்து காலி செய்துகொண்டு போன அம்மாவைத் தேடி நான் நாலு மாதம் அலைந்தேன். கடைசியில் கண்டுபிடித்துக் கொடுத்தவர் கீழே வண்டி போட்டிருந்த இஸ்திரிக்காரர். புது வீட்டுத் துணியும் அவரிடம்தான் வந்துகொண்டிருந்தது. போய்ப் பார்த்தால் அந்த அம்மாவுக்கு இடது கை விழுந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆய்வு தேடிக்கொண்டிருந்ததே அந்த ஸ்ட்ரோக்கைத்தான். இஸ்திரிக்காரர் இல்லையென்றால் அது கணக்கில் வந்திருக்காது.

அதனால்தான் சொல்கிறேன்: சேர்ந்துவிட்டு இரண்டாம் வருடம் "அம்மா தூங்கறாங்க" என்று சொல்லி அனுப்புவதைவிட, இன்றைக்கே "வேண்டாம்" என்று சொல்வது நல்லது. மறுப்பது தவறில்லை. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, கோபித்துக்கொண்டால் அந்தக் குழுவை மேலே புகார் செய்யுங்கள். சேர்ந்தால், உங்கள் பெங்களூர் நம்பரையும் கொடுத்துவையுங்கள்.

இதில் நமக்கு என்ன லாபம் என்று கேட்டிருந்தீர்கள். ஒளிக்காமல் சொல்கிறேன், பெரிதாக ஒன்றும் இல்லை. இது மாஸ்டர் ஹெல்த் செக்கப் இல்லை. எடை, உயரம், இடுப்பளவு, பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் என்று சிலவற்றைப் பார்த்து ரிப்போர்ட் தருவார்கள். நார்மல் என்று வந்துவிட்டது, இனி டாக்டரே வேண்டாம் என்று அம்மா நினைத்துவிடக் கூடாது. ஆய்வு எதைத் தேடவில்லையோ அது ரிப்போர்ட்டில் வராது. அந்த ரிப்போர்ட்டும் எப்போது வரும் என்று கேட்டு வாங்குங்கள். நான் வேலை செய்த ஓர் ஆய்வில் ஒருவருக்கு வெறும் வயிற்றுச் சுகர் 280 இருந்தது. ரிப்போர்ட் அவர் கைக்குப் போக மூன்று மாதம் ஆனது. அதற்குள் கால் புண் ஆறாமல் அவரே வேறு டாக்டரிடம் போய்த் தெரிந்துகொண்டிருந்தார். "முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி" என்று மட்டும் சொன்னார். ஆபத்தான அளவு வந்தால் அன்றைக்கே ஃபோன் செய்வீர்களா என்று அம்மா கேட்க வேண்டும். பதில் மழுப்பலாக வந்தால் யோசியுங்கள்.

தெரிந்துகொள்வதற்கும் ஒரு விலை உண்டு. ஹெல்த் இன்ஷூரன்ஸ் புதிதாக எடுக்கப் போகிறீர்கள் என்றால் விண்ணப்பத்தில் தெரிந்த வியாதிகளைக் கேட்பார்கள். ஆய்வில் சுகர் என்று தெரிந்துவிட்டால் அது "தெரிந்த வியாதி". மறைத்தால் பின்னால் கிளெய்ம் சிக்கலாகும். இதை எந்த ஃபீல்டு ஆளும் வாயைத் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

லாபம் யாருக்கு என்றால், பின்னால் வருகிறவர்களுக்கு. நம் ஊரிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 1956-ல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கியபோது, டிபி வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், வீட்டில் வைத்தால் குடும்பத்துக்கே தொற்றும் என்பதுதான் உலகம் முழுக்க இருந்த நம்பிக்கை. சென்னையின் ஏழை நோயாளிகள் இருநூறுக்கும் குறைவானவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் இன்னொரு பாதியை ஒண்டுக்குடித்தன வீட்டிலும் வைத்து ஒரு வருடம் மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானது. கூட இருந்தவர்களுக்குத் தொற்று அதிகமாகவில்லை. 1959-ல் அந்த முடிவு வெளியானது. உலகத்தில் டிபி வைத்தியமே சானடோரியத்தை விட்டு வீட்டுக்கு வந்தது. அந்த வீடுகளில் மாத்திரையை எண்ணிப் பார்க்கவும் குடும்பத்தினரைப் பரிசோதிக்கவும் வந்துகொண்டே இருந்தவர்களுக்குக் கதவைத் திறந்தவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது.

கதவைத் திறந்தால் நல்ல சேதிதான் வரும் என்றும் இல்லை. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர் பக்கம், பிசிஜி தடுப்பூசி பெரியவர்களின் நுரையீரல் டிபியைத் தடுக்கிறதா என்று பார்க்க லட்சக்கணக்கானவர்களுக்கு ஊசி போட்டார்கள். சிலருக்கு பிசிஜி, சிலருக்கு மருந்தில்லாத ஊசி. இரண்டரை வருடத்துக்கு ஒரு தடவை எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை என்று பதினைந்து வருடம் பின்தொடர்ந்தார்கள். முடிவு: பெரியவர்களின் நுரையீரல் டிபியை அது தடுக்கவில்லை. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகை டிபி போன்றவற்றுக்காகப் பிறந்ததும் போடுவது இன்றும் தொடர்கிறது. ஆனால் பெரியவர்களுக்கு அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது என்று அந்தக் கிராமங்கள்தான் சொல்லின. நான் அந்தப் பக்கம் போனபோது வயதானவர்கள் சிலர் தோளைக் காட்டி, "அப்பவே ஊசி போட்டுட்டுப் போனாங்க, என்ன ஆச்சுன்னு யாரும் வந்து சொல்லல" என்றார்கள். முடிவை வந்து சொல்லாமல் போவது இந்தத் துறையின் பழைய கெட்ட பழக்கம்.

ஃப்ரீசரில் இருக்கும் ரத்தம்தான் நீங்கள் உண்மையிலேயே கவனிக்க வேண்டிய இடம். மைனஸ் எண்பது டிகிரியில் வைத்தால் இருபது வருடம் கழித்தும் அதிலிருந்து மரபணுவைப் படிக்கலாம். அன்றைக்கு யார், எதற்காகப் படிப்பார்கள்? அமெரிக்காவில் அரிசோனாவில் ஹவாசுபாய் என்ற பழங்குடியினர் 1990 முதல் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ரத்தம் கொடுத்தார்கள். தங்கள் மக்களிடம் சர்க்கரை நோய் அதிகமாக இருந்தது, அதற்கு வழி பிறக்கும் என்று நம்பினார்கள். பிறகுதான் தெரிந்தது, அதே ரத்தத்தை மனநோய் பற்றியும், அவர்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் ஆராயப் பயன்படுத்தியிருந்தார்கள். வழக்குப் போய், 2010-ல் பல்கலைக்கழகம் ஏழு லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது.

எனவே படிவத்தில் அந்தப் பக்கத்தை அம்மாவோடு ஃபோனில் உட்கார்ந்து படியுங்கள். ரத்தம் கொடுப்பதும், சேமித்து வைக்கச் சம்மதிப்பதும், மரபணு ஆய்வுக்குச் சம்மதிப்பதும், வெளிநாட்டுக்கு அனுப்பச் சம்மதிப்பதும் தனித்தனியாகக் கேட்கப்பட்டிருந்தால் நல்ல படிவம். ஒன்றுக்கு ஆம், இன்னொன்றுக்கு இல்லை என்று எழுதலாம். எல்லாவற்றையும் ஒரே கையெழுத்தில் முடித்திருந்தால் கேள்வி கேளுங்கள். பாதியில் விலகினால் ஏற்கெனவே எடுத்த ரத்தத்தை அழிப்பார்களா, அல்லது இனிமேல் வர மட்டும் மாட்டார்களா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இனி அசலா என்று பார்ப்பது. ஐசிஎம்ஆர் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, படிவம் அம்மாவுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால் குழுவைச் சேராத ஒரு சாட்சி பக்கத்தில் இருக்க வேண்டும். ஆய்வை நடத்துபவர் பெயரும், ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் எதிக்ஸ் கமிட்டியின் தொடர்பு எண்ணும் அதில் இருக்கும். அம்மாவுக்கு ஒரு நகல் தர வேண்டும். அந்த எண்ணைப் படிவத்திலிருந்து எடுக்காமல், நிறுவனத்தின் போர்டு நம்பரைத் தனியாகத் தேடிப் பிடித்து, இப்படி ஓர் ஆய்வு தாம்பரத்தில் நடக்கிறதா என்று கேளுங்கள். மருத்துவ ஆய்வுகளைப் பதிந்துவைக்க ஐசிஎம்ஆர் நடத்தும் சிடிஆர்ஐ பதிவேட்டிலும் தேடலாம், இலவசம். மருந்துச் சோதனைகள் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு வந்தது போன்ற, மருந்து எதுவும் கொடுக்காத ஆய்வு அதில் இல்லாமலும் இருக்கலாம். அதனாலேயே போலி என்று ஆகிவிடாது. பணம் கேட்டால், பேங்க் விவரமோ ஓடிபியோ கேட்டால், ஆய்வு முடிந்ததும் ஒரு டப்பா மூலிகைப் பொடியை எடுத்து வைத்தால் கதவைச் சாத்திவிடுங்கள். பஸ் செலவு, ஒரு நாள் கூலி மாதிரி சிறு தொகை அவர்கள் கொடுப்பது சகஜம், அதில் சந்தேகப்பட எதுவும் இல்லை.

ஒருவேளை படிவத்தில் ஏதாவது மாத்திரை, ஊசி பற்றி ஒரு வரி இருந்தால் நான் மேலே சொன்னதெல்லாம் போதாது. அது வேறு வகை, வேறு சட்டம், பாதிப்பு வந்தால் இழப்பீடு என்று தனிக் கதை. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அம்மாவிடமே ஒரு தடவை கேட்டீர்களா? நீங்கள் எழுதியதில் உங்கள் சந்தேகம் இருக்கிறது, அப்பாவின் கோபம் இருக்கிறது, அம்மா என்ன சொன்னார் என்பது எங்கேயும் இல்லை. சம்மதம் அவருடையது. சரி என்று சொன்னால், வருகிற தேதிக்கு முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பிட்டு முடிக்கச் சொல்லுங்கள். காலையில் தண்ணீர் குடிக்கலாம். காபி கிடையாது, பாதி டம்ளர்கூட.